எண்ணெய் பட்ட ஏழாவது கேள்வி

அத்தியாயம் நான்கு

மெக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியேறி வருகிறவர்கள் இரண்டு வகை. தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, "அது தானா நிண்டுட்டுது" என்று சத்தியம் செய்கிறவர்கள் முதல் வகை. பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் பெண்சாதி மேல் பழி போடுகிறவர்கள் இரண்டாம் வகை. பாலகணேஷ் சேர் இரண்டிலும் சேர்த்தியில்லை. அவருடைய மெக்புக்குக்கு ஒரு குறையும் இல்லை. அதை மேசையில் வைத்துவிட்டு, "இது சாட்சி சொல்ல வேணும்" என்றார்.

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் இடம். பலகையில் 'மெக் திருத்தலும் ஆலோசனையும்' என்று எழுதியிருக்கும். பலகையில் எழுதாத தொழில் துப்பறிதல். கடைச் சொந்தக்காரி றமீலா மெடம் ஒருமுறை ஒருவருடைய காணாமல்போன கோப்பைத் தேடப்போய், அவருடைய காணாமல்போன மருமகனைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து இப்படி ஆட்கள் வருகிறார்கள். நான் சிறில், கொட்டாஞ்சேனைக்காரன். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுப்பதும், இடையில் வாயைக் கொடுத்து ஏச்சு வாங்குவதும் என் வேலை.

"யாருக்கு எதிராச் சாட்சி?" என்று மெடம் கேட்டார்.

"ஷிம்னா எண்டு ஒரு பிள்ளை. என்னட்ட டைப் அடிச்சவ."

இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு பாலகணேஷ் சேர் என்றால் தெய்வத்துக்கு அடுத்த இடம். பரீட்சைக்கு முன்னால் கடைசிக் கருத்தரங்கில் ஒரு மாதிரி வினாத்தாள் கொடுப்பார். அதற்காகவே மட்டக்களப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. இந்த முறை கருத்தரங்குக்கு முன்னரே அந்த வினாத்தாள் படமாகப் பிள்ளைகளின் போனிலிருந்து போனுக்குப் பறந்துவிட்டது.

"பேப்பர் இந்த மெக்குக்குள்ள மட்டும்தான் இருந்தது. பாஸ்வேர்ட் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு பேருக்கு. ஒண்டு நான். மற்றது அவ," என்றார் சேர்.

"அவவிட்டக் கேட்டீங்களா?"

சேர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "கேக்கேல்லை. ஏசினனான். வகுப்புக்கு முன்னால வச்சு, மைக்கில. 'கள்ளி' எண்டும் சொல்லிப்போட்டன்."

"அதுக்கு அவ?"

"'நான் இல்லை சேர்' எண்டா. அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. அழவும் இல்லை."

அழாததுதான் மனிதரைத் தின்கிறது என்று எனக்கு விளங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், சவரமும் செய்யாமல், கருத்தரங்குப் பதாகைகளில் சிரிக்கிற அந்த முகமா இது என்று இருந்தது.

"இப்ப ஏன் அவசரம்?"

"கொட்டாஞ்சேனையில ஒரு பள்ளிக்கூடத்தில அவவுக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை சரிவந்திருக்கு. அதிபர் என்னட்ட விசாரிக்கிறார், பிள்ளை எப்படி எண்டு. இண்டைக்குப் பின்னேர வகுப்புக்குள்ள பதில் சொல்லுறன் எண்டிட்டன். கள்ளி எண்டு சொன்னா அந்தப் பிள்ளையின்ர சீவியம் போச்சு. நல்ல பிள்ளை எண்டு சொன்னா..."

"சொன்னா?"

"அப்ப நான் மைக்கில சொன்னது என்ன?" சேர் லேஞ்சியால் முகத்தை ஒற்றினார். "நித்திரை வருகுதில்லை மிஸ். நான் செய்தது சரிதான் எண்டு ஒரு அத்தாட்சி எடுத்துத் தாங்கோ. அது போதும்."

அவள் செய்தாளா என்று கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, பாருங்கள். தான் செய்தது சரி என்று காட்டச் சொல்கிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சேர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் நான் மெடத்தின் காதில் சொன்னேன். "அந்தப் பிள்ளைதான் மெடம். ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்ட், ஒரு ஆள் சேர். கணக்கு அவ்வளவுதானே. ரெண்டு பொரிச்ச ரோல்ஸ் பந்தயம்."

"உன்ட கணக்குக்கு முட்டை போடணும் சிறில்," என்றார் மெடம், மெக்புக்கைத் திறந்தபடி.

திறந்ததும் மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதித்தன. 'உங்கள் மெக் ஆபத்தில் உள்ளது' என்றது ஒன்று. 'இப்போதே துப்புரவு செய்யுங்கள்' என்றது மற்றது. மூன்றாவது எதையோ வாங்கச் சொல்லிக் கெஞ்சியது.

"இதெல்லாம் யார் போட்டது சேர்?"

"நான்தான். யூடியூப்ல சொன்னாங்கள், மெக் ஸ்லோவானா போடச் சொல்லி."

"ஒரு துப்புரவுக்காரன் இருந்தா வீடு சுத்தமாகும். மூன்று பேர் இருந்தா ஒருத்தன்ட குப்பைய மற்றவன் கூட்டிக்கொண்டு இருப்பான். மூன்றையும் கழட்டுங்க. ஸ்லோவா இருந்தா ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்க, டிஸ்க்ல கொஞ்சம் இடம் விடுங்க, பெக்கப் ஒன்டு எடுங்க. மெக்குக்கு அவ்வளவும் காணும். அவ சொல்லல்லியா?"

"ஷிம்னாவோ? சொன்னவ," என்றார் சேர் சிறிய குரலில். "நான்தான் கேக்கேல்லை."

மெடம் ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்த்தார். ஈமெயிலில் வினாத்தாள் போகவில்லை. பென் டிரைவ் செருகின தடயம், கசிவுக்குப் பிறகு சேரே அச்சகத்துக்குக் கொண்டுபோன ஒன்றுதான். ஏர்டிரொப், கிளவுட் எதிலும் ஒன்றுமில்லை. எனக்கு ரோல்ஸ் தூரப் போவது மாதிரி இருந்தது.

"பறந்த படத்தைக் காட்டுங்க," என்றார் மெடம்.

சேர் போனை நீட்டினார். வினாத்தாளின் ஒரு பக்கம். ஏழாவது கேள்வி நடுவில் இருந்தது. மெடம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"என்ன தெரியுது சிறில்?"

"எக்ஸ், வை. நான் ஓலெவலிலேயே கும்பிடு போட்ட ஆட்கள்."

"கேள்விய விடு. கடுதாசியப் பார்."

பார்த்தேன். ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் ஒரு திட்டு. அந்த இடத்தில் மட்டும் தாள் கண்ணாடி மாதிரி இருந்தது, பின்னால் வைத்துப் பிடித்த விரல் மங்கலாகத் தெரிந்தது. ஒரு மூலையிலிருந்து மடிப்புகள் விசிறி மாதிரி விரிந்து போயின.

"எண்ணெய்," என்றேன். "சுருட்டிப் பிடிச்ச மடிப்பு. கடலைச் சுருள் மாதிரி."

"சேர் இத்தனை நாளாக் கேள்வியத்தான் பார்த்திருக்கார். இது ஒரு பிரிண்ட் அவுட். கொப்பி பண்ணின ஃபைல் இல்ல. யாரோ இதை அச்சடிச்சிருக்காங்க. ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்க சேர், நீங்க இதை வீட்டில பிரிண்ட் எடுத்தீங்களா?"

"இல்லை," என்றார் சேர் பட்டென்று. பிறகு, "எடுக்கப் பார்த்தனான். பிரிண்ட் ஆகேல்லை" என்றார்.

மெடத்தின் புருவம் ஏறியது.

"ஷிம்னா டைப் அடிச்சு முடிச்சுப்போட்டுப் போயிட்டா. நான் தாளில வச்சுப் பிழை பார்ப்பம் எண்டு பிரிண்ட் குடுத்தனான். பிரிண்டர் அசையேல்லை. அவவக் கூப்பிடக் கூச்சம். 'இதுகூட எனக்குத் தெரியாதோ' எண்டு அண்டைக்குக் காலமைதான் பெருமையடிச்சனான். யூடியூப் பார்த்து பிரிண்டர் எல்லாத்தையும் ரீசெட் பண்ணி, திரும்ப அட் பண்ணினனான். பிறகும் வரேல்லை. பிரிண்ட் பட்டனை அமத்தினன், அமத்தினன், கை நொந்துபோய் விட்டிட்டன். பிரிண்ட் ஆகாத விசயத்தை ஏன் சொல்லுவான் எண்டு விட்டது."

மெடம் திரையில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து ஏதோ ஒரு வரி தட்டினார். மெக் தான் செய்த அச்சு வேலைகளையெல்லாம் ஒளித்து ஞாபகம் வைத்திருக்குமாம். வினாத்தாளின் பெயர் வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே சொல்: முடிந்தது.

"உங்கட மெக் பொய் சொல்லாது சேர். அடிச்சு முடிச்சதா சொல்லுது. பிரிண்டர் கடுதாசியத் தின்னாது. அப்ப அவ்வளவு கடுதாசியும் எங்க போய் விழுந்திச்சு? வாங்க, உங்கட வீட்டுக்குப் போவோம். இது வீட்டு வைஃபைக்குப் போனாத்தான் மிச்சத்தைச் சொல்லும்."

சேரின் கட்டடம் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. கீழே வகுப்பு மண்டபம், முதல் மாடியில் சேர், அதற்கு மேலே ஒரு வாடகை வீடு. கட்டடமே சேருடையதுதான். மண்டப வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி தள்ளுவண்டியில் காலியாக நின்றது. 'ரோல்ஸ், பெட்டிஸ், வடை' என்று பெயின்டால் எழுதியிருந்தது. படியில் ஏறும்போது பொரிக்கிற எண்ணெய் வாசம் மேலேயிருந்து இறங்கி வந்தது. என் வயிறு பந்தயத்தை ஞாபகப்படுத்தியது.

சேரின் அறையில் பிரிண்டர் ஒரு மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மெடம் மெக்கைத் திறந்து பிரிண்டர் பட்டியலைக் காட்டினார். ஒரே பெயரில் இரண்டு இருந்தன. இரண்டாவதன் வாலில் மட்டும் சில எழுத்துகள் வித்தியாசம்.

"இது மாதிரி இன்னொரு பிரிண்டர் இருக்கா சேர்?"

"ஒரு ஜோடி மலிவாக் கிடைச்சது, வாங்கினன். ஒண்டை மேல் வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தனான்."

"மேல் வீட்டுக்கு வைஃபை?"

"என்ர லைன்தான். பாதி பில்லை அவையிட்ட வாங்குறன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேரின் குரல் மெலிந்தது.

"ரீசெட் பண்ணி நீங்க திரும்ப அட் பண்ணினது எந்தப் பிரிண்டரை என்டு பார்ப்போம்," என்றார் மெடம். 'சோதனை' என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம் அடித்து, பிரிண்ட் கொடுத்தார்.

மூலையில் இருந்த பிரிண்டர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாக, மேல் மாடியிலிருந்து, 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல், சந்தோசமாக: "அல்ஹம்துலில்லாஹ், புள்ள அனுப்பிட்டா!"

சேர் கதிரையில் இருந்தபடி கூரையைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி இருந்தது.

நானும் மெடமும் மேலே ஓடினோம். கதவு திறந்துதான் இருந்தது. மாவும் எண்ணெயும் மணக்கிற ஒரு சின்ன அறை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பிரிண்டரிலிருந்து வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ருக்கியா. வாசல் தள்ளுவண்டியின் சொந்தக்காரி.

"வாங்க மகள், யாரு?" என்றார். மெடத்தின் தலைத்துணியைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு வாங்க" என்றார்.

"இந்தக் கடுதாசி எங்கேந்து வருது மாமி?" மெடத்தின் பேச்சு அந்த வாசலைத் தாண்டியதும் அவர் பிறந்த கொம்பனித்தெருப் பேச்சாகிவிடும்.

"மகள் நப்லா அனுப்புற. பேராதனைக் கேம்பஸ்ல ஈக்கா. ஊட்டுல ஈக்கிற நேரம் அந்த ரூம்ல இருந்து அமத்துவா, இந்த ரூம்ல வரும். பிரிண்டர நூக்காதீங்க உம்மா, ஓன்லயே ஈக்கட்டும் என்டு செல்லிட்டுப் பேத்தா. உம்மாக்கு ரோல்ஸ் சுத்தக் கடுதாசி இல்லாம பெய்த்திருக்கும் என்டு அங்கேந்து அனுப்புறாக்கும் என்டு நான்..." சொல்லிக்கொண்டே வந்தவரின் முகம் மெடத்தைப் பார்த்து மெல்ல மாறியது. கடைசிச் சொல்லை முடிக்கவில்லை.

பாவம், பேராதனையிலிருந்து மகள் தாள் அனுப்புகிறாள் என்று நம்பி, வினாத்தாளில் ரோல்ஸ் சுற்றி, வினாத்தாளின் சொந்தக்காரருடைய வகுப்பு வாசலிலேயே, அவருடைய பிள்ளைகளுக்கே விற்றிருக்கிறார்; தின்றவர்களில் யாரோ ஒருவன் தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். பாதுகாப்பாகக் கசிய விடுவதென்றால் இதைவிட நல்ல வழி கள்ளனுக்கும் தோன்றாது. எனக்குச் சிரிப்பு வாய் வரைக்கும் வந்தது. வந்த சிரிப்பு அங்கேயே நின்றது, ஏனென்றால் ருக்கியா அழத் தொடங்கியிருந்தார்.

"இப்பதான் தெரியுமா மாமி, இல்லாட்டி முந்தியே தெரியுமா?" என்று மெடம் மெதுவாகக் கேட்டார்.

ருக்கியா அடுப்பை அணைத்தார். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கடுதாசி சேர்ட என்டு தெரியும். இன்டைக்கு வந்தது மகள்ட என்டுதான் நெனச்சேன், மெய்யா."

"யார் சொன்ன?"

"ஷிம்னாதான்."

நான் மெடத்தைப் பார்த்தேன். மெடம் என்னைப் பார்க்கவில்லை.

"சேர் ஏசின அன்டைக்கு அந்தப் புள்ள நேரா மேல வந்தா. ஒன்டும் திண்டிருக்க மாட்டா என்டு ஒரு ரோல்ஸ் சுத்திக் குடுத்தேன், குடிக்கப் பிளேன்டி ஊத்தினேன். ரோல்ஸ கடிச்சா, கடுதாசியப் பார்த்தா. அப்படியே நின்டுட்டா. பொறகு பிரிண்டருக்குப் பக்கத்துல பேத்து, மிச்சக் கடுதாசியையும் பார்த்தா. 'மாமி, இது எங்கேந்து வந்த?' என்டு கேட்டா. அவக்கு எல்லாம் வெளங்கிட்டு."

"அப்ப ஏன் அவ கீழ போய்ச் சொல்லல்ல?"

"நானும் அதுதான் செல்லிச் செல்லி அழுதேன், வா மகள், சேர்ட்ட செல்லுவோம் என்டு. புள்ள கையப் புடிச்சிட்டா. 'சேர் என்னட்ட மன்னிப்புக் கேக்க மாட்டார் மாமி. உங்களத்தான் ஊட்ட உட்டு எழுப்புவார். நப்லா கேம்பஸ் முடிக்கணும், நீங்க எங்க பேத்து ரோல்ஸ் விக்கிற? எனக்கு வேற வேல கெடைக்கும்' என்டா. மிச்சக் கடுதாசி எல்லாத்தையும் அவதான் அடுப்புல போட்டா. நான் வாயப் பொத்திட்டு இருந்துட்டேன். ஒவ்வொரு நாளும் அந்த வாசல்ல நின்டு ரோல்ஸ் விக்கிறேன், சேர் வந்து வாங்குற நேரம் முகத்தப் பார்க்க ஏலாது. புள்ளட ஹக்கு, அவக்குக் குடுக்க வேண்டிய கடன், என்ட கழுத்துல ஈக்குது மகள்."

பின்னால் யாரோ மூச்சுவிட்டது கேட்டது. பாலகணேஷ் சேர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறி வந்தார் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ருக்கியா முக்காட்டை இறுக்கிப் பிடித்தார். "எங்கள எழுப்புவீங்களா சேர்?"

சேர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "என்னை அவ்வளவு மோசமானவன் எண்டு அந்தப் பிள்ளை நினைச்சிருக்கு" என்றார். பிறகு, "சரியாத்தான் நினைச்சிருக்கு. அண்டைக்கு வந்து சொல்லியிருந்தா நான் எழுப்பித்தான் இருப்பன்" என்றார்.

ருக்கியா, விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்கிற பழக்கத்தில், என் கையில் ஒரு ரோல்ஸைத் திணித்தார். சூடாக இருந்தது. 'சோதனை' என்று மெடம் அடித்த தாளில்தான் சுற்றியிருந்தார். பந்தயம் கட்டின வாயால் அதைத் தின்ன முடியவில்லை. முகத்தையே பார்க்காத ஒரு பிள்ளையை நானும் கள்ளி என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

கீழே பின்னேர வகுப்புக்குப் பிள்ளைகள் சேரத் தொடங்கியிருந்தார்கள். சேர் எழுந்து முதலில் கொட்டாஞ்சேனை அதிபருக்குப் போன் எடுத்தார். எங்களுக்குக் கேட்டது ஒரே வரி: "அவவைப் போல ஒரு பிள்ளை உங்களுக்குக் கிடைக்காது ஐயா." அதற்குப் பிறகு ஷிம்னாவுக்கு எடுத்தார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். வெட்டிவிட்டாள்.

"என்ட போன்ல பேசுங்க," என்று மெடம் தன் போனை நீட்டினார். "ஆனா தனியாப் பேசி முடிக்கிற எண்ணம் இருந்தா தர மாட்டேன் சேர். ஏசினது எங்க?"

சேர் தலையாட்டினார். மண்டபத்துக்குள் போனார். நாங்கள் பின்வரிசையில் நின்றோம். கதிரைகள் நிறைந்து, மின்விசிறிக்குக் கீழே பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டு இருந்தார்கள். சேர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"பேப்பர் வெளியில போனதுக்குக் காரணம் ஷிம்னா இல்லை. நான். என்ர மெக்கை நானே குழப்பி, நானே அமத்தி, நானே வெளியில விட்டனான். அந்தப் பிள்ளையை இந்த மைக்கிலதான் கள்ளி எண்டு சொன்னனான். அதால இதே மைக்கில மன்னிப்புக் கேக்கப் போறன். நீங்கள் எல்லாரும் கேக்க வேணும்."

வாசலில் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ருக்கியா வந்து நிற்பது தெரிந்தது. சேர் மெடத்தின் போனில் இலக்கத்தை அமத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். மணி மண்டபம் முழுக்க அடித்தது.

"ஹலோ?" என்றது ஒரு சின்னக் குரல்.

"பிள்ளை, நான் பாலகணேஷ். வெட்டிப்போடாதையும். எனக்கு எல்லாம் தெரியும். மேல் வீட்டுப் பிரிண்டர்..."

அவள் அவரை முடிக்க விடாமல் அவசரமாகக் கேட்டாள்.

"சேர், ருக்கியா மாமிய எழுப்பிட்டீங்களா?"

மண்டபத்தின் நாலு மூலையிலும் அந்தக் கேள்வி கேட்டது. வாசலில் ருக்கியா முகத்தை மூடிக்கொண்டார். மன்னிப்பென்று சேர் என்னென்னவோ யோசித்து வைத்திருந்திருப்பார். அதையெல்லாம் விட்டுவிட்டு மைக்கைக் கிட்டப் பிடித்தார்.

"இல்லை பிள்ளை," என்றார். "எழுப்ப மாட்டன். ஒருநாளும் எழுப்ப மாட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும் அம்மா."

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"சரி சேர்," என்றாள். "அந்த ரெண்டு பிரிண்டருக்கும் வேற வேற பேர் வச்சு விடுங்க. இல்லாட்டித் திரும்பவும் மேலதான் போகும்."

லைன் கட்டானது. சேர் போனைப் பிடித்தபடியே நின்றார். முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, அவர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள்.